எங்கிட்ட இருக்கு!

உங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டின் கீழ்க் கதவைத் திறந்து எத்தனை நாளாகிறது? ஒருதரம் திறந்து பாருங்கள். வேலை செய்யாத ரிமோட் இரண்டு, எதனுடையது என்று யாருக்கும் தெரியாத ஒயர் ஒன்று, அதற்குப் பின்னால் ஜிப் போன ஒரு சி.டி. பை. பையில் பாதி உறை காலி. மீதியில் 'திருவிளையாடல்', 'நாயகன்', 'காதலிக்க நேரமில்லை', குழந்தைக்கு வாங்கின 'டாம் அண்ட் ஜெர்ரி', கூடவே யாரிடமோ இரவல் வாங்கித் திருப்பித் தராத இரண்டு. 2007இல் மோசர் பேயர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் இறக்கிவிட்டது. பருப்பு, புளி வாங்கப் போனவர்கள்கூட இரண்டு படத்தையும் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தக் கம்பெனியே திவாலாகி, 2018இல் கலைக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. தட்டுகள் மட்டும் பையில் இருக்கின்றன.

நான் சொல்ல வந்தது நம்மைப் போன்ற அரைகுறைகளைப் பற்றி அல்ல. சேகரிப்பவர்கள் என்று தனி ரகம் ஒன்று உண்டு. புதுச்சேரி லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஊரே ஜீன்ஸும் செருப்பும் பேரம் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் நடைபாதைப் பழைய சாமான்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து டி.வி.டி. உறைகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். சினிமா மட்டுமில்லை, பழைய டி.வி. தொடர்கள், டாக்குமென்டரி, யாரோ வீட்டில் ரெக்கார்ட் பண்ணி லேபிள் ஒட்டாமல் விட்ட கேசட் என்று எதையும் விடமாட்டார். அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் டீப்பாயில் அந்த மாதத்து வரவு பரப்பப்படும். "இதைப் பாருங்க சார், இது இப்ப எங்கயும் கிடைக்காது. எங்கிட்ட இருக்கு!"

நீங்கள் ஆசையாகக் கையில் எடுத்து, "ரெண்டு நாள்ல திருப்பித் தந்துடறேனே" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும். "பார்க்கலாம் சார், ஒருநாள் பார்க்கலாம்" என்பார். அந்த ஒருநாள் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இவர் செய்வது பகிர்வதா, பீற்றிக்கொள்வதா? இனிப்பு வாங்கி வந்து, எதிராளியை மோந்து பார்க்க மட்டும் விட்டு டப்பாவை மூடுவது மாதிரிதானே இது? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசிக்க யோசிக்க விஷயம் அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை.

அலமாரியே இல்லாத ஒரு காலம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? எண்பதுகளில் ஒரு நாள் வாடகைக்கு டெக் வரும். கூடவே மூன்று கேசட். காசு கொடுத்தவர் ஒருவர், பார்த்தவர்கள் ஒரு தெரு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களையும் சேர்த்துச் சொல்கிறேன். விடிகாலையில் மூன்றாவது படம் ஓடும்போது பாதிப்பேர் பாயில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். காலையில் கடைப்பையன் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். யாரிடமும் எதுவும் மிஞ்சாது. யாரும் எதுவும் விட்டுப்போனதாக நினைக்கவும் இல்லை.

புதுச்சேரியில் இதோடு இன்னொரு கூத்தும் நடந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களில் யாராவது ஒருவர் பாரீஸிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ இருப்பார். லீவுக்கு வரும்போது அங்கே ரெக்கார்ட் செய்த கேசட் கொண்டுவருவார். இங்கே டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் ஓடும்! பிரான்சில் கலருக்கு சேகாம் என்று ஒரு முறை, இந்தியாவில் பால் என்று வேறு முறை. இரண்டிலும் கோடுகளின் எண்ணிக்கை 625தான், அதனால் உருவம் வந்துவிடும், நிறம் வராது. பிறகு டி.வி.டி. வந்தபோது அதிலும் வேலி போட்டார்கள். பிரான்ஸ் இரண்டாவது மண்டலம், இந்தியா ஐந்தாவது மண்டலம், ஒன்றின் தட்டு மற்றதன் பெட்டியில் ஓடக்கூடாது என்று பூட்டு. மாமா ஆசையாக அனுப்பின தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியின் பூட்டைத் திறந்துவிடத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியிருந்தது. கொடுக்க மனசிருந்தும் போய்ச் சேராத சமாசாரம் இது.

பிரான்ஸ் என்றதும் ஒரு பழைய சண்டை ஞாபகத்துக்கு வருகிறது. நம் லாஸ்பேட்டைக்காரர் விஷயத்துக்கு நேராகப் பொருந்தும். ஆன்ரி லாங்லுவா என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1936இல், இருபத்திரண்டு வயதுகூட ஆகாத பையனாக இருந்தபோது, ஜார்ஜ் ஃபிரான்ஜு என்ற நண்பரோடு சேர்ந்து சினிமாதெக் ஃபிரான்சேஸ் என்ற படக் காப்பகத்தை ஆரம்பித்தார். பேசும் படம் வந்த பிறகு மௌனப் படங்களுக்கு மவுசு போய், அவற்றை உருக்கி வெள்ளி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப் போகவிருந்த சுருள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக் குளியல் தொட்டியில்கூடப் படச்சுருள் கிடந்தது என்பார்கள். நாஜிகள் பாரீஸைப் பிடித்தபோது, அவர்கள் கண்ணில் படாமல் பலவற்றை ஒளித்துக் காப்பாற்றினார். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று. படம் என்றால் ஓட வேண்டும், ஓட்டிக் காட்டாத படம் செத்த படம். அவர் சின்ன ஹாலில் தினம் தினம் ஓட்டிக் காட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் த்ரூஃபோவும் கோதாரும்.

லண்டனில் எர்னெஸ்ட் லிண்ட்கிரென் என்று ஒருவர் இருந்தார். அங்கே தேசியப் படக் காப்பகத்தை நடத்தியவர். இவர் நேர் எதிர். மெஷினில் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் சுருள் தேயும், கீறும், அறுபடும். ஆகவே மூலப் பிரதியை யாருக்கும் ஓட்டிக் காட்டக்கூடாது. இன்னொரு பிரதி எடுத்தால் அதைக் காட்டலாம். எடுக்கப் பணமில்லையா? நூறு வருஷம் கழித்துப் பார்ப்பவர்களுக்காகப் பூட்டி வையுங்கள். இப்போது கேட்பவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இருவரில் யார் பக்கம் நீங்கள்? உடனே லாங்லுவா என்பீர்கள். ஆசாமி அவ்வளவு வசீகரம். 1968இல் அரசாங்கம் அவரைப் பதவியிலிருந்து தூக்கியபோது சினிமாக்காரர்கள் தெருவில் இறங்கிச் சண்டை போட்டு இரண்டே மாதத்தில் மறுபடி உட்கார வைத்தார்கள். லிண்ட்கிரெனுக்காக யார் தெருவுக்கு வருவார்கள்? ஆனால் 1959இல் லாங்லுவாவின் சுருள்கள் ஒரு முற்றத்தில் குவிந்து கிடந்து தீப்பிடித்து எரிந்தன. பழைய நைட்ரேட் ஃபிலிம் வெயில் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் சாமான். லிண்ட்கிரென் மாதிரி ஒரு கறார் பேர்வழி பக்கத்தில் இருந்திருந்தால் அவை தப்பித்திருக்கலாம்.

இந்தச் சண்டைக்கு நம்மவர்கள் எப்போதோ ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்பது என் கட்சி. புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955இல் தொடங்கியது. அங்கும், அதே ஊரில் உள்ள இன்னொரு பிரெஞ்சு ஆய்வு மையத்திலும் சேர்த்து வைத்திருக்கும் சைவ ஓலைச்சுவடிகள் சுமார் 11,000. யுனெஸ்கோ 2005இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலைக்கு ஆயுள் கொஞ்சம்தான். பூச்சி அரிக்கும், ஈரம் படும், ஒடியும். அது கெடுவதற்குள் இன்னொருவன் உட்கார்ந்து எழுத்தாணியால் பிரதி எடுத்தாக வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டு நம் கைக்கு வந்திருக்கிறதென்றால், முதலில் எழுதிய ஓலை பத்திரமாக இருந்ததால் அல்ல. வரிசையாகப் பலபேர் தங்கள் வீட்டு ஓலையை இன்னொருவர் பார்த்து எழுத விட்டதால். விடாதவர்கள் வீட்டு ஓலைகள் என்ன ஆயின என்று உ.வே.சா.வின் சுயசரிதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின.

அந்த உ.வே.சா. ஊர் ஊராக அலைந்தபோது அவருக்கு முதலில் தேவைப்பட்டது ஓலைகூட இல்லை. இன்னார் வீட்டுப் பரணில் இன்ன ஏடு இருக்கிறது என்ற தகவல்தான். அதைச் சொன்னவர்களில் எத்தனை பேர் சும்மா பெருமைக்குச் சொன்னார்களோ! "எங்கிட்ட இருக்கு" என்று ஒருவர் பீற்றிக்கொள்வதில் ஊருக்கு இப்படி ஒரு லாபம் இருக்கிறது. பொருளைத் தராவிட்டாலும், எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. சத்தம் போடாமல் சேர்த்து, சத்தம் போடாமல் செத்துப்போகிறவரைவிட மாதாமாதம் டீப்பாயில் கடை பரப்புகிறவர் எவ்வளவோ மேல். லாஸ்பேட்டைக்காரரை இந்த அளவுக்கு மன்னித்துவிட்டேன்.

சினிமாவுக்கு வருவோம். நடராஜ முதலியார் எடுத்த தமிழகத்தின் முதல் மௌனப் படம் 'கீசக வதம்' இன்று கிடையாது. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', அதுவும் கிடையாது. புனே காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயர் என்ற மனிதர், யாரிடம் என்ன சுருள் இருக்கிறது என்று காதில் விழுந்த வார்த்தையை நம்பியே இந்தியா பூராவும் அலைந்தவர். அப்படி அவர் கைக்கு வந்ததில் ஒன்று நம் கதைக்கு இடைஞ்சலான படம்.

'மார்த்தாண்ட வர்மா', 1933. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்த மௌனப் படம். திருவனந்தபுரத்தில் திரையிட்டதும் நாவலின் பதிப்பாளர்கள், உரிமை எங்களுடையது என்று வழக்குப் போட்டார்கள். படம் நின்றுபோயிற்று. சுருளைப் பதிப்பாளர்களே எடுத்து வைத்துக்கொண்டார்கள். யாருக்கும் காட்டவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. நாற்பது வருஷம் போல அவர்கள் கடையில் அப்படியே கிடந்தது. 1974இல் புனேவுக்குப் போயிற்று. தயாரிப்பாளர் பாவம், தெருவுக்கு வந்த மாதிரிதான். ஆனால் ஊர் ஊராக ஓடிய மற்ற மௌனப் படங்கள் ஓடி ஓடியே அழிந்துபோக, ஓடாமல் சிறைப்பட்ட இது தப்பியது.

அப்படியானால் பூட்டி வைத்ததுதான் சரியா? எனக்கு அப்படிப் படவில்லை. சண்டையில் தோற்றவனுடைய சொத்தைக் கவனிப்பாரில்லாமல் போட்டு வைத்ததைப் பாதுகாப்பு என்று சொல்ல வாய் வரமாட்டேனென்கிறது. கரையான் புகவில்லை, தீப்பிடிக்கவில்லை, பழைய பேப்பர்காரனிடம் போடவில்லை. இதெல்லாம் அதிர்ஷ்டம். அதே மாதிரி பூட்டி வைத்து மண்ணாய்ப்போன ஆயிரத்தைப் பற்றி நமக்குச் சொல்ல ஆளில்லை, தப்பித்த ஒன்று மட்டும் கதையாகிறது.

டி.வி. கதை இன்னும் மோசம். அதைச் சேர்த்து வைக்க வேண்டிய பொருள் என்றே வெகுநாள் யாரும் நினைக்கவில்லை. பி.பி.சி. மாதிரி கெட்டிக்கார ஸ்தாபனமே அறுபதுகளில் எடுத்த 'டாக்டர் ஹூ' தொடரை, டேப் விலை அதிகம் என்று அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்குப் படம் இன்னும் கிடைத்தபாடில்லை. 2013இல் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் ஒரு டி.வி. நிலைய அறையிலிருந்து கண்டெடுக்கப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், தொலைந்த அத்தனை பகுதிகளுக்கும் ஒலி மட்டும் பத்திரமாக இருக்கிறது. எப்படி? ரசிகர்கள் டேப் ரெக்கார்டரை டி.வி. முன்னால் வைத்து, வீட்டில் யாரும் தும்மாதீர்கள் என்று சொல்லிப் பதிந்து வைத்திருந்தார்கள். பிறகு கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்கள். நாமும்தான் 'ஒளியும் ஒலியும்' பாட்டை அப்படிப் பதிந்தோம். அதன்மேலேயே கந்த சஷ்டி கவசத்தையும் பதிந்தோம்!

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்று ஒரு பெண்மணி. முன்பு நூலகத்தில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் கடைசியில் டி.வி. செய்திகளைப் பதிய ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. ஒரே சமயத்தில் ஏழெட்டு ரெக்கார்டர், இருபத்து நாலு மணி நேரமும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கேசட் மாற்ற வேண்டும் என்பதால், குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போனாலும் பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓட்டம். 2012 டிசம்பரில் இறந்தபோது கிட்டத்தட்ட 70,000 கேசட் இருந்தது. அவற்றை அடுக்கத் தனியாக ஃபிளாட்டுகளே வாங்கியிருந்தார். உயிரோடு இருந்தவரை யாருக்கும் காட்டவில்லை. பெற்ற பிள்ளையோடு பல வருஷம் பேச்சுவார்த்தையும் இல்லை. அவர் போன பிறகு அதே பிள்ளைதான் அத்தனையையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொதுக் காப்பகத்துக்குக் கொடுத்தார். டி.வி. நிலையங்களே வைத்துக்கொள்ளாத செய்திகள் அதில் இருக்கின்றன.

இந்தம்மாவை எதில் சேர்ப்பது? அந்த மகனின் இடத்தில் நின்று பார்த்தால் எனக்குப் பாராட்ட மனசு வரவில்லை. செய்தியைப் பார்க்க விரும்பும் முன்பின் தெரியாத ஒருவரின் இடத்தில் நின்றால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கழித்துக் கூட்டி விடை எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். அவர் சேர்த்தது அவருக்குச் சொந்தமாக இருந்தவரை வெறும் பிளாஸ்டிக். பிள்ளை கொடுத்த அன்றைக்குத்தான் அது செய்தியாயிற்று.

"இதெல்லாம் எதற்கு சார், இப்போதுதான் எல்லாம் செல்போனிலேயே வருகிறதே?" என்கிறீர்களா? வருகிறது. போகவும் போகிறது. போன மாதம் பாதி பார்த்து நிறுத்திய படத்தை இந்த மாதம் தேடினால் ஆளைக் காணோம். நாம் அங்கே வாடகைக்குக் குடியிருக்கிறோம், சரி. 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திக் காசு கொடுத்ததாவது நம்முடையதா? 2009இல் அமேசான் தன் கிண்டில் கருவிகளில் ஏற்கெனவே விற்ற புத்தகம் ஒன்றை, உரிமைச் சிக்கல் என்று, வாங்கியவர்களின் கருவியிலிருந்து இரவோடு இரவாக உருவிக்கொண்டது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. (அதுவும் எந்தப் புத்தகம் பாருங்கள்!) 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வருஷக் கடைசியில் எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. கூச்சல் எழுந்ததும் பின்வாங்கியது. கலிபோர்னியாவில் ஒரு சட்டமே போட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல், திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடியதை விற்பவர்கள், இது வெறும் அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது.

இரவல் கொடுப்பதென்பதே இங்கே இல்லாமல் போய்விட்டது, கவனித்தீர்களா? தட்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தரலாம். பாஸ்வேர்டைத் தந்தால் கம்பெனி கோபித்துக்கொள்கிறது. தரவே முடியாத ஒன்றை என்னுடையது என்று சொல்வதில் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை பார்த்துவிடுவோம். காசு கொடுத்து வாங்கின தட்டை நண்பருக்குச் சும்மா கொடுத்து வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நூறு நகல் போட்டு விற்றால் அது திருட்டு. தமிழ்நாட்டில் 2004இல் திருட்டு வி.சி.டி. ஆசாமிகளைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். (புதுச்சேரியில் வேறு சட்டம். கோரிமேட்டைத் தாண்டினால் வேறு நாடு என்பது தட்டுக்கு மட்டுமில்லை, பாட்டிலுக்கும்தான்.) படம் வெளியான அடுத்த வருஷத்திலிருந்து அறுபது வருஷம் வரை உரிமை தயாரிப்பாளருக்கு. இதெல்லாம் நியாயம்தான். பணம் போட்டவர் பிழைக்க வேண்டும். தகராறு எங்கே வருகிறதென்றால், உரிமை இருக்கிறது, உரிமைக்காரர் கடையை மூடிவிட்டார், யாரும் விற்பதில்லை, ஒரே ஒரு தட்டு லாஸ்பேட்டையில் இருக்கிறது என்னும்போது. அந்த இடத்தில் சட்டம் பிரதி எடுக்காதே என்கிறது. ஓலை எழுதியவர்கள் எடு என்கிறார்கள். நான் ஓலைக்காரர்கள் பக்கம். விற்காமல், காசு பார்க்காமல், காப்பாற்றுவதற்காக எடுத்த ஒரு நகல் யார் வயிற்றிலும் அடிப்பதில்லை.

நாம் நடைமுறையில் செய்வது என்னவோ தலைகீழ். எங்கும் கிடைக்கும் படமென்றால், "எடுத்துக்கிட்டுப் போங்க, திருப்பித் தராட்டிப் பரவாயில்லை" என்று தாராளம். அது வெறும் மரியாதை, அவருக்கு நாம் தராவிட்டால் இன்னொருவர் தருவார். வேறு யாராலும் தர முடியாததை மட்டும் துணியில் சுற்றிப் பீரோவில் வைக்கிறோம். தொலைந்துவிடுமே என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு ஒரு பிரதி எடுங்கள், பிரதியைக் கொடுங்கள். அவ்வளவையும் தாண்டி ஒன்று தொலைந்தாலும் தொலையட்டும். அந்த ரிஸ்க் பொருளை வைத்திருப்பவர்தான் ஏற்க வேண்டியது, கேட்டு வருபவர் அல்ல.

"எங்க வீட்ல அப்படி அபூர்வமா ஒண்ணும் இல்லியே" என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். மறுபடி அந்த ஸ்டாண்டுக்குள் கையை விடுங்கள். சி.டி. பைக்கும் பின்னால், கடைசியில், தங்க எழுத்து உதிர்ந்த வெல்வெட் பெட்டியில் உங்கள் கல்யாண கேசட் இருக்கும். உலகத்திலேயே ஒரு பிரதிதான். இரண்டாம் பிரதி ஒருவேளை பிரான்சில் ஒரு சித்தப்பா வீட்டில் இருக்கலாம், அதுவும் கறுப்பு வெள்ளையில்! உங்களுக்கு அது பார்த்துச் சலித்த கேசட். முகூர்த்தத்தை விட்டுப் பந்திக்கு ஓட்டுங்கள். சாம்பார் வாளியோடு ஒருவர் குறுக்கே நாலு செகண்ட் நடந்து, யாருக்கோ ஊற்றி, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார். உங்களுக்குத் தூரத்து உறவு, பேர்கூடச் சட்டென்று ஞாபகம் வராது. அவர் போய்ச் சேர்ந்து வருஷமாயிற்று. அவருடைய மகளிடம் ஒரு குரூப் போட்டோவைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. அப்பா நடக்கிற மாதிரி, வாயசைத்துப் பேசுகிற மாதிரி ஒரு நாலு செகண்ட் உங்கள் வீட்டு ரிமோட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. போன் பண்ணிச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன்னால் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊரில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும், அப்படியே டெக்கில் தள்ளினால் ஹெட்டும் போய்விடும், டேப்பும் போய்விடும். டெக் என்ற ஜாதியையே கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. சுத்தம் செய்து, ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் ஊர்ச் சந்து ஏதாவது ஒன்றில் இன்னும் கடை வைத்திருப்பார். முன்பக்கம் முழுக்க அவர் பையன் செல்போன் கவர் தொங்கவிட்டிருப்பான். உள்ளே குரல் கொடுத்துக் கேளுங்கள். சீக்கிரம் போங்கள்.